இரவில் சுரக்கும் ஹார்மோனும் காலையில் ஏறும் சர்க்கரையும்

இரவில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு, படுக்கும் முன் குளுக்கோமீட்டரில் 120 என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கிய ஒருவர், காலையில் காபிகூடக் குடிக்காமல் விரலைக் குத்திப் பார்த்தால் அதே கருவி 155 என்று காட்டுகிறது. நடுராத்திரியில் எதையோ எடுத்துச் சாப்பிட்டிருப்பார் என்று வீட்டார் சந்தேகப்படுவதும், அவர் சத்தியம் செய்யாத குறையாக மறுப்பதும் நீரிழிவு உள்ள வீடுகளில் நடப்பதுதான். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தச் சர்க்கரை சமையலறையிலிருந்து வரவில்லை. அவருடைய கல்லீரலிலிருந்து வந்தது. அதற்கு வழிவிட்டவற்றுள் ஒன்று, பிள்ளைகளின் உயரத்தோடு மட்டுமே நாம் சேர்த்துப் பேசும் வளர்ச்சி ஹார்மோன்.

மூளையின் அடியில் கொண்டைக்கடலை அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியில், 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதமாக இது உருவாகிறது. நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரக்காமல் விட்டுவிட்டு அலையலையாக இரத்தத்தில் கலக்கிறது. அவற்றுள் பெரிய அலை, தூங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தின்போது எழுகிறது. எலும்புகள் நீள்வது நின்ற பிறகும் இந்தச் சுரப்பு ஆயுள் முழுவதும் தொடர்கிறது. பெரியவர்களைப் பொறுத்தவரை இதற்குப் ‘பட்டினிக்கால ஹார்மோன்’ என்று பெயர் வைத்திருந்தால் குழப்பம் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு முதலில் நாய்களிடம் தெளிவாயிற்று. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹவுசே, இன்சுலினைச் சுரக்கும் கணையம் நீக்கப்பட்டதால் கடும் நீரிழிவுக்கு ஆளான நாய்களின் பிட்யூட்டரியையும் நீக்கியபோது நோயின் கடுமை வெகுவாகத் தணிவதை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். இன்சுலின் சுரக்க வழியே இல்லாத உடலில் சர்க்கரை இறங்கியது என்றால், அதை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கை பிட்யூட்டரியில் இருந்திருக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1947-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதன் மறுபக்கத்தை 1937-இல் பிரிட்டனின் ஃபிராங்க் யங் காட்டினார்: பிட்யூட்டரி முன்பகுதியின் சாற்றைத் தொடர்ந்து செலுத்தியதில், நல்ல கணையம் உள்ள நாய்களுக்கே நிரந்தர நீரிழிவு வந்தது. சர்க்கரையை ஏற்றும் கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனும் பிட்யூட்டரியிலிருந்தே வருவதால் பழி முழுவதையும் வளர்ச்சி ஹார்மோன்மீது போட முடியாது. ஆனால் அதன் பங்கு பெரியது என்பதைப் பிற்காலச் சோதனைகள் உறுதிப்படுத்தின.

அது வேலையைத் தொடங்கும் இடம் சர்க்கரை அன்று, கொழுப்பு. கொழுப்புத் திசுவில் சேமிக்கப்பட்டுள்ள கொழுப்பை உடைத்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. ஒரு ஹார்மோன் அலை எழுந்து ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரத்தில் இந்த அமிலங்களின் அளவு உச்சத்தை எட்டுகிறது. தசைகள் அவற்றை எரிக்கத் தொடங்கியதும், குளுகோஸை எரிக்கும் பாதை தானே அடைபடுகிறது. கொழுப்பும் குளுகோஸும் இப்படி ஒன்றையொன்று தள்ளிவிடுவதை ஃபிலிப் ராண்டில் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1963-இல் விளக்கினார்கள். இதற்கு மேலும், தசைச் செல்லின் வாசலில் இன்சுலின் வந்து நின்று கொடுக்கும் கட்டளை உள்ளே கடந்து செல்லும் சங்கிலியில் ஒரு கண்ணியை வளர்ச்சி ஹார்மோன் தளர்த்திவிடுகிறது. கல்லீரல் புதிதாகக் குளுகோஸ் தயாரிப்பதையும் அது ஊக்குவிக்கிறது. இன்சுலின் இருக்கிறது, ஆனால் அதன் பேச்சு எடுபடுவதில்லை. இதைத்தான் மருத்துவர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள்.

உடல் தனக்குத்தானே ஏன் இப்படிச் செய்துகொள்ள வேண்டும்? ஓய்வில் இருக்கும்போதும் மூளை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுகோஸைச் செலவிடுகிறது. கல்லீரலில் உள்ள சேமிப்போ ஒரு நாளைத் தாண்டுவதே கடினம். உணவு கிடைக்காத நேரத்தில் தசையும் குளுகோஸைக் கேட்டால், தசைப் புரதத்தையே கரைத்துக் குளுகோஸ் செய்ய வேண்டியிருக்கும். எனவே தசையைக் கொழுப்பின் பக்கம் திருப்பிவிட்டு, இருக்கும் குளுகோஸை மூளைக்கு ஒதுக்குகிறது இந்த ஹார்மோன். தூக்கம் என்பது தினமும் நாம் இருக்கும் ஒரு சிறு பட்டினிதான். இரவு 12 மணியளவில் எழுந்த அலையின் விளைவு அதிகாலையில் முழுதாக வெளிப்படுகிறது. அந்நேரத்தில் கார்டிசாலும் ஏறத் தொடங்குகிறது. ஆரோக்கியமான கணையம் சற்றுக் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதைச் சரிக்கட்டிவிடுவதால் பெரும்பாலோருக்கு எதுவும் தெரிவதில்லை. நீரிழிவு உள்ளவரிடம் அந்தக் கூடுதல் இன்சுலின் வருவதில்லை. இன்சுலின் சுரப்பே ஏறத்தாழ நின்றுபோகும் முதல் வகை நீரிழிவில் இந்த ஹார்மோனின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. இன்சுலின் சுரந்தும் போதாமல்போகும் இரண்டாம் வகையில் கல்லீரலின் கட்டுப்பாடற்ற உற்பத்திக்கே பங்கு அதிகம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களை அதிகாலை 3 மணிக்கு ஒருமுறை குத்திப் பார்க்கச் சொல்வது, இந்த ஏற்றத்தையும், இரவில் சர்க்கரை தாழ்ந்துபோவதையும் பிரித்தறிவதற்காகத்தான்.

சர்க்கரையும் இந்த ஹார்மோனைக் கட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் குளுகோஸ் ஏறினால் சுரப்பு அடங்கும், இறங்கினால் எழும். 75 கிராம் குளுகோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து 2 மணி நேரம் இரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை இதைக் கொண்டே அமைந்தது: அப்போதும் ஹார்மோன் அடங்காவிட்டால், பிட்யூட்டரிக் கட்டியால் கைகால்களும் தாடையும் பருத்துப்போகும் அக்ரோமெகலி நோயைச் சந்தேகிப்பார்கள். அந்நோயாளிகளிடம் நீரிழிவு அதிகமாகக் காணப்படுவதில் வியப்பில்லை. ஆனால் திடீரெனச் சர்க்கரை தாழும்போது உடனே காப்பாற்றுபவை, சர்க்கரையை விரைந்து ஏற்றும் ஹார்மோன்களான குளுககானும் அட்ரினலினும்தான். வளர்ச்சி ஹார்மோனின் உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆகும்.

விசித்திரம் என்னவென்றால், இதே ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் இன்சுலின்போன்ற வளர்ச்சிக் காரணி, அமைப்பிலும் செயலிலும் இன்சுலினுக்கு உறவுக்காரன். சர்க்கரையை இறக்கும் இயல்பு அதற்கு உண்டு. அது இரத்தத்தில் போதிய அளவு இருந்தால் பிட்யூட்டரி சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அக்காரணியைத் தயாரிக்கக் கல்லீரலுக்குப் போதிய இன்சுலின் தேவை. முதல் வகை நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது காரணி குறைகிறது, கடிவாளம் நழுவிய பிட்யூட்டரி மேலும் சுரக்கிறது, இன்சுலின் எதிர்ப்பு மேலும் கூடுகிறது. பருவ வயதில் இயல்பாகவே இந்த ஹார்மோன் பெருகுவதும் சேர்ந்துகொள்வதால், பதின்வயதுப் பிள்ளைக்குத் திடீரென இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. தின்பண்டம்தான் காரணம் என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்த ஹார்மோனின் குரலே கேட்காத உடல்களும் உண்டு. தெற்கு ஈக்வடாரில் லாரன் குறைபாடு உள்ளவர்களிடம் வளர்ச்சி ஹார்மோன் தாராளமாகச் சுரந்தாலும் அதை ஏற்கும் ஏற்பி பழுதாகியிருக்கிறது. அதனால் அவர்கள் மிகக் குள்ளமாக இருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்தும் இக்குறைபாட்டில் உண்டு. ஆனால் அவர்களில் 99 பேரை நீண்ட காலம் கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், பலர் பருமனாக இருந்தபோதும் ஒருவருக்குக்கூட நீரிழிவு காணப்படவில்லை. அதே ஊர்களில் வாழும் உறவினர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு அது இருந்தது. பருமனான உடலில் வழக்கமாக உயர்ந்திருக்கும் இன்சுலின், இவர்களிடம் உறவினர்களைவிடக் குறைவாகவே இருந்தது.