‘உணர்வுள்ள கணினி’யாம்!

முகத்தையும் குரலையும் வைத்து நம் மனநிலையைக் கணிக்கும் மென்பொருள்களைப் பற்றிய கட்டுரை ஒன்று. தலைப்பு: ‘உணர்வுள்ள கணினிகள்’. இந்தச் சொல் கண்ணில் படுவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, உள்ளே ‘பாதிப்புக் கணிமை’ என்றும் இருந்தது.

இரண்டுக்கும் மூலச் சொல் ‘அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்’. கம்ப்யூட்டிங்தான் கணிமை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் ஆய்வகத்தின் ரோசலிண்ட் பிக்கார்டு 1995இல் எழுதிய அறிக்கையாலும் 1997இல் அதே பெயரில் வந்த அவரது நூலாலும் பரவியது. உணர்ச்சியோடு தொடர்புடைய, உணர்ச்சியிலிருந்து எழும், உணர்ச்சியின்மேல் வேண்டுமென்றே தாக்கம் செலுத்தும் கணிமை எல்லாம் இதில் அடக்கம். ‘அஃபெக்ட்’ லத்தீன் வழி வந்தது. வினையாக வந்தால் பாதித்தல். உளவியலில் பெயராக வந்தால் உணர்ச்சி. ‘பாதிப்பு’ போட்டவர் முதல் பொருளோடு அகராதியை மூடிவிட்டார். வெள்ளச் சேதத்தைக் கணக்கிடும் மென்பொருளோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ‘உணர்வுள்ள கணினி’ ஆளையே ஏமாற்றுகிறது. உணர்வு என்றால் தமிழில் தொடுவுணர்வும் வரும், நினைவும் வரும். மயங்கியவரை ‘உணர்வற்றுக் கிடந்தார்’ என்கிறோம். ஆக, இயந்திரம் விழித்துக்கொண்டுவிட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பதோ புருவ அசைவு, குரலின் ஏற்ற இறக்கம், நாடித்துடிப்பு ஆகியவற்றை அளந்து, பழகிய மாதிரிகளோடு பொருத்திப் பார்ப்பது. அதற்குக் கோபமும் வராது, அழுகையும் வராது.

இந்த அளக்கும் வேலைக்கு நம்மிடம் எப்போதோ சொல் இருக்கிறது: மெய்ப்பாடு. உள்ளத்தில் இருப்பது உடலில் வெளிப்படுவது. தொல்காப்பியர் நகை, அழுகை என்று தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். அதோடு விடவில்லை, நகை ஒன்றுக்கே எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணம் தருகிறார். பல்லைப் பார்த்ததும் ‘மகிழ்ச்சி’ என்று முத்திரை குத்தும் மென்பொருளுக்கு எள்ளல் எங்கே பிடிபடப்போகிறது?

துறை முழுவதையும் ‘மெய்ப்பாட்டுக் கணிமை’ என்றுவிடலாமா? ஆசைதான். ஆனால் கணினி நமக்குப் பதில் கொடுப்பதும், நம் உணர்ச்சியைத் தூண்டுவதும் அந்தச் சொல்லுக்குள் வராது. எனவே துறைக்கு ‘உணர்ச்சிக் கணிமை’, கண்டறியும் பகுதிக்கு மட்டும் ‘மெய்ப்பாடு அறிதல்’. அப்புறம், இதையே ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மனிதரின் திறனுக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். அதையும் பிடுங்கி இயந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள்.