ஏர்கோன் பிழியும் தண்ணீரும் எகிறும் கரண்டு பில்லும்

கோலாலம்பூரின் செந்தூலோ பிரிக்ஃபீல்ட்ஸோ கெப்போங்கோ, வாடகை வீட்டில் கரண்டு பில் திடீரென எகிறினால் முதல் சந்தேகம் மீட்டர் மேல்தான் விழும். அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர் மேல். அதுவும் இல்லையென்றால் "எங்கேயோ கரண்டு லீக் ஆகுது" என்று முடித்துவிடுவார்கள். மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் பில்லை ஏற்றுவது படுக்கையறைச் சுவரில் தொங்கும் ஏர்கோனும், மின்சார நிறுவனமான தெனாகாவின் கட்டண அடுக்கும்தான்.

கணக்குக்குப் போவதற்கு முன் பில்லில் இரண்டு மலாய்ச் சொற்களைத் தேடிப் பாருங்கள். 'துங்காக்கான்' என்று ஒரு தொகை இருந்தால் அது பழைய பாக்கி. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போனதாகக்கூட இருக்கலாம். 'அங்காரான்' என்றிருந்தால் மீட்டரைப் படிக்காமல் உத்தேசமாகப் போட்ட எண். அடுத்த முறை உண்மையான எண்ணைப் படிக்கும்போது விட்டுப்போன யூனிட்டெல்லாம் மொத்தமாக வந்து நிற்கும். இரண்டும் இல்லையா? சரி, அப்படியென்றால் அந்தக் கரண்டை நாம்தான் செலவழித்திருக்கிறோம்.

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் புதிய கட்டணம். மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சக்திக்கு 27.03 சென், கொள்திறனுக்கு 4.55 சென், வலையமைப்புக்கு 12.85 சென். ஆக மொத்தம் யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு கழிவு உண்டு. 200 யூனிட் வரை 25 சென் கழிவு. 251 முதல் 300 வரை 22.5 சென்; 551 முதல் 600 வரை வெறும் 9 சென்; 1,000-ஐத் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எந்த அடுக்கில் போய் நிற்கிறோமோ, அந்த அடுக்கின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும். 300 யூனிட் ஓடிய வீட்டுக்குச் சுமார் 66 வெள்ளி (ரிங்கிட்) வரும். 600 யூனிட் ஓடிய வீட்டுக்கு ஏறக்குறைய 213 வெள்ளி. பயன்பாடு இரண்டு மடங்கு, காசு மூன்று மடங்குக்கும் மேல். அப்புறம் 600 என்ற வேலி. அதைத் தாண்டி 610-இல் நின்றால் கழிவு 7.5 சென்னாகக் குறைகிறது, 'சில்லறைக் கட்டணம்' (ரீடேல் சார்ஜ்) என்று மாதம் 10 வெள்ளியும் ஏறுகிறது. அந்தப் பத்து யூனிட்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 23 வெள்ளி! 600-க்கு மேற்பட்ட பகுதிக்கான சேவை வரியும், எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டலும் இதில் சேரவில்லை. "போன மாசத்தைவிடக் கொஞ்சம்தானே கூடுதலா போட்டோம்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

அந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வருகிறது? யூனிட் என்பது ஒரு கிலோவாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடுவது. ஒன்றரை ஹார்ஸ்பவர் சாதாரண ஏர்கோன், கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் 1.1 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். இரவு ஒன்பதுக்குப் போட்டுக் காலை ஏழுக்கு அணைத்தால், இடையிடையே நின்று நின்று ஓடினாலும் ஏழு, எட்டு யூனிட் போய்விடும். மாதத்துக்கு 210-க்குக் குறையாது. இரண்டு அறை என்றால் 450-ஐ நெருங்கும். அதோடு பிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், சோற்றுச் சட்டி, காற்றாடி. 600 எட்டாத தூரத்தில் இல்லை.

ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. உள்ளே இருக்கும் செம்புக் குழாய்ச் சுருளில் திரவம் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆவியை வெளியே இருக்கும் கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்க, வெப்பம் தெருவுக்குப் போகிறது. கரண்டில் பெரும்பகுதியைத் தின்பது இந்தக் கம்ப்ரசர்தான். ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை அது வெளியே தள்ளும். நல்ல பேரம்தான். ஆனால் கோலாலம்பூர் காற்றில் வெப்பத்தோடு ஈரமும் கலந்திருக்கிறதே!

30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவியைச் சுமந்து நிற்கிறது. ஏர்கோன் போட்ட அறையில் 25 டிகிரி, 55 விழுக்காடு என்றால் 13 கிராம் போதும். மீதிப் பத்து கிராமும் சுருளில் பட்டுத் தண்ணீராக வேண்டும். வெளியே பிளாஸ்டிக் குழாயில் சொட்டிக்கொண்டே இருக்கிறதே, அதுதான் இது. நீராவி ஒரு லிட்டர் தண்ணீராக மாறும்போது 0.68 யூனிட் வெப்பத்தை விட்டுவிடும்; அதையும் கம்ப்ரசர்தான் தூக்கிச் செல்ல வேண்டும். ஓரிரவில் வாளியில் எட்டு லிட்டர் சேர்ந்தால், அந்தத் தண்ணீருக்காக மட்டும் 1.8 யூனிட் கரண்டு போயிருக்கும்.

அதனால்தான் கதவிடுக்கு இவ்வளவு முக்கியம். குளியலறையின் ஈரக் காற்றைப் படுக்கையறைக்குள் விடுவதும் அப்படித்தான். 

பலர் அறைக்குள் நுழைந்ததும் ரிமோட்டை 16-க்குத் தட்டுவார்கள், சீக்கிரம் குளிரட்டும் என்று. இன்வெர்ட்டர் இல்லாத ஏர்கோனின் கம்ப்ரசருக்குத் தெரிந்தது இரண்டே நிலை: ஓடு, நில். 16 வைத்தாலும் 24 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரும். 24 என்றால் அந்த அளவை எட்டியதும் நிற்கும். 16 என்றால் விடியும்வரை நிற்காது. வெளியே 28 டிகிரி இருக்கும் இரவில், உள்ளே 24 என்றால் வித்தியாசம் 4. 20 என்றால் 8. சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பமும் அதே கணக்கில் இரட்டிப்பாகும். காற்றாடியோடு 25, 26 வைத்துப் பாருங்கள். காற்றாடி அறையைக் குளிர வைக்காது, உங்கள் வியர்வையைத்தான் உலர்த்தும். உடம்புக்கு அது போதும்.

அறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரி, பினாங்கு ஐந்தரை டிகிரிதான். சூரியன் ஆண்டு முழுக்க நேர் மேற்கிலிருந்து 24 டிகிரிக்குள்தான் இறங்கும். மேற்குச் சுவர் மாலை முழுக்கச் சுட்டு, அந்தச் சூட்டை நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் உள்ளே விடும். ஒரே கட்டடத்தில், ஒரே ஏர்கோன் வைத்த இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமாகப் பில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்டர் ஹீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3.6 கிலோவாட் ஹீட்டரில் பத்து நிமிடக் குளியல் 0.6 யூனிட். நாலு பேர் தினம் ஒரு முறை குளித்தால் மாதம் 72.

லீக் விஷயத்துக்கு வருவோம். பூமிக்குக் கசியும் கரண்டைக் கண்காணிக்கத்தான் வீட்டில் இஎல்சிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது. வீடுகளில் வழக்கமாக இருப்பது 100 மில்லியாம்பியர். அதற்கு மேல் கசிந்தால் மொத்த வீடும் அணைந்துவிடும். அந்த எல்லையிலேயே மாதம் முழுக்கக் கசிந்தாலும் 230 வோல்ட்டில் 23 வாட். மாதத்துக்கு 17 யூனிட்கூட வராது. இஎல்சிபி ஒழுங்காக வேலை செய்தால், நூறு வெள்ளி கூடுதல் பில்லுக்கு லீக்கைக் குற்றம் சொல்ல முடியாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் பில்லைவிடப் பெரிய பிரச்சினை அது.

வேறு யாராவது நம் மீட்டரில் தொங்குகிறார்களா என்பதை இஎல்சிபி சொல்லாது, மீட்டர் சொல்லும். மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 1,000 என்றால், நாலு நொடிக்கு ஒரு மின்னல் என்பது 900 வாட். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். மின்னல் நிற்க வேண்டும். நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தால் அந்த மீட்டரில் வேறு கம்பி இருக்கிறது, அல்லது நீங்கள் பார்ப்பது உங்கள் மீட்டரே இல்லை; பில்லில் உள்ள மீட்டர் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். நின்றுவிட்டால், ஒவ்வொரு சாதனமாகப் போட்டு நொடியை எண்ணுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், பார்த்தால் போதும்.

ஒரு குறை மட்டும் இதில் எதிலும் தீராது. ஏர்கோனையும் பிரிட்ஜையும் வாங்குகிறவர் வீட்டுக்காரர், கரண்டு பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். கடையில் ஆக மலிவானதை வாங்கி மாட்ட வீட்டுக்காரருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. சர்வீஸ் செய்யாமல் விடுவதற்கும்தான். வீடு பார்க்கப் போகும்போது ஏர்கோனில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையை ஒரு பார்வை பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதிலேயே இருக்கும். வாடகை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசலாம். 600 யூனிட் ஓடும் வீட்டில் மாதம் 60 யூனிட் குறைந்தால், கையில் மிஞ்சுவது 29 வெள்ளி.