ஜமாபந்தி: கணக்கு முடிக்கும் நாள்

மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டின் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று மனுவும் கையுமாக மக்கள் வரிசையில் நிற்பதால், அது மனு கொடுக்கும் நாள் என்றே பலரும் நினைக்கிறார்கள். மனு வாங்குவது அதில் ஒரு பகுதிதான். கிராமத்தின் நிலவரிக் கணக்கைத் தணிக்கை செய்து முடிப்பதே அதன் முதல் வேலை.

‘ஜமா’ அரபிச் சொல். சேர்ப்பது, கூட்டுத்தொகை என்று பொருள். ஜமாத் என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். ‘பந்தி’ பாரசீகம், கட்டுதல், வரையறுத்தல் என்று பொருள். பந்தோபஸ்தில் இருப்பதும் இந்தக் கட்டுதான். விருந்துப் பந்திக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆக, ஓர் ஊர் அந்த ஆண்டு செலுத்தவேண்டிய மொத்த வரியை வரையறுப்பது ஜமாபந்தி.

முகலாயர் காலத்து வருவாய்ச் சொற்கள் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இங்கே ஊன்றின. தாசில்தார், பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு), வஜா (வரித் தள்ளுபடி) என்று அவற்றைக் கிழக்கிந்தியக் கும்பினியும் அப்படியே எடுத்துக்கொண்டது. பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. ஜமாபந்தி கோடையில் வருவதற்குக் காரணம் அதுதான். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1434 தொடங்கியது 2024 ஜூலையில்.

ஆண்டுதோறும் ஏன் வரையறுக்க வேண்டும்? ஜமீன்தாரி முறையில் வரி நிரந்தரமாகக் குறிக்கப்பட்டிருந்தது. தாமஸ் மன்றோ முன்னின்று நிலைநாட்டிய ரயத்துவாரி முறையிலோ, அரசு ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாகக் கணக்குப் பார்த்தது. இந்த ஆண்டு எந்த வயலில் பயிர் ஏறியது, எது தரிசாகக் கிடந்தது, எது சாவியாகிப் போனது, எவ்வளவு வஜா கொடுப்பது எல்லாம் ஜமாபந்தியில்தான் முடிவாகும். கணக்கில் ஒரு பதிவு மாறினால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே கவிழ்ந்துவிடும். இன்று நிலவரி மிகச் சொற்பம். ஆனாலும் அடங்கல், சிட்டா முதலிய பதிவேடுகளைக் கிராம நிர்வாக அலுவலர் கொண்டுவந்து காட்ட வேண்டும்; நிலம் அளக்கும் சங்கிலியைக்கூடப் பார்வையிடுகிறார்கள்.

ஜமாபந்திக்கு அரசு வழங்கும் தமிழ்ச்சொல் ‘வருவாய்த் தீர்வாயம்’. சிலர் இதைத் தீர்ப்பாயம் என்று எழுதிவிடுகிறார்கள். அது வழக்கை விசாரிக்கும் அமைப்பு. தீர்வாயம் எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம். ‘தீர்வை’ நம்மிடம் வரியைக் குறிக்கும் பழைய சொல். ‘ஆயம்’ வருவாயையும் குறிக்கும், கூட்டத்தையும் குறிக்கும். ஜமாவின் வேரிலும் கூட்டம், கூட்டுத்தொகை என்ற இரண்டும் உண்டு. இவ்வளவு நெருங்கி வரும் மொழியாக்கம் எளிதில் வாய்க்காது.

பாரசீகச் சொல் வருவதற்கு முன்பு இங்கே இந்த வேலையே இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘புரவுவரித் திணைக்களம்’ என்ற வருவாய்த்துறை வருகிறது; ‘வரிப்பொத்தகம்’ என்ற அலுவலர் பதவியும் வருகிறது. பஞ்சாப், ஹரியானா பக்கம் ஜமாபந்தி என்றால் நிகழ்ச்சி அல்ல, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தி எழுதப்படும் நில உரிமைப் பதிவேடு. அந்த மாநிலச் செய்திகளைத் தமிழில் தருபவர்கள் அங்கே ‘தீர்வாயம்’ என்று போடக்கூடாது; ‘நில உரிமைப் பதிவேடு’ என்றே எழுத வேண்டும்.