ஒப்பந்தம் முடியாவிட்டாலும் வேறு சிம் போடலாம்

ஒப்பந்தத்தில் கைத்தொலைபேசி எடுத்தவர்களுக்கு ஊருக்குப் போகும்போது வரும் சந்தேகம் இது: ‘இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறதே, சென்னையில் வேறு சிம் போட்டால் வேலை செய்யுமா?’

செய்யும். சிங்கப்பூரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தாங்கள் விற்கும் செட்டைத் தங்கள் சிம்முக்கு மட்டும் பூட்டி வைக்க அனுமதி கிடையாது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, எங்கே வாங்கினாலும் இதுதான் விதி. தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இதை மேற்பார்வை செய்கிறது.

உங்களைக் கட்டிப்போடுவது செட் அல்ல, லைன். சிம்மைக் கழற்றி வைப்பதால் ஒப்பந்தம் முறியாது, மாதக் கட்டணமும் நிற்காது. பலர் மாட்டிக்கொள்வது எண்ணை மாற்றும்போதுதான். 2008 ஜூன் முதல் அதே எண்ணுடன் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். ஆனால் எண் போனதும் பழைய லைன் மூடப்படும். ஒப்பந்தக் காலம் மீதி இருந்தால் முன்கூட்டியே முறித்ததற்கான கட்டணம் விழும். மலிவான பிளானைப் பார்த்துத் தாவுவதற்கு முன் அந்தத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். செட்டுக்குத் தனித் தவணை கட்டுபவர்கள் மீதித் தவணையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த விதி இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத்தான். அமெரிக்காவில் பூட்டிய செட்டுகள் இன்றும் விற்பனையாகின்றன. ஜப்பானிலும் 2021 அக்டோபருக்கு முந்தைய செட்டுகளில் பூட்டு இருக்கலாம். அப்படிப்பட்டவை பழைய செட் கடைகளுக்கு வந்து சேர்ந்தால்? காசு கொடுப்பதற்கு முன் உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு செட்டிலிருந்து நீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது வேறு வகைப் பூட்டு, எந்த சிம் போட்டாலும் திறக்காது.

‘எந்த சிம்மும் போடலாம்’ என்று சொல்லிக் கடைக்காரர் பூட்டிய செட்டை விற்றிருந்தால், குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் லெமன் சட்டம் கைகொடுக்கும்; அது 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. பழைய பொருளுக்கும் அது செல்லும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்றபோதே குறை இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப. தனிநபரிடம் இணையத்தில் வாங்கியதற்கு இந்தச் சட்டம் இல்லை.

கடைக்காரர் அசையாவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் கோரலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.