பயிற்சிக்கு வரும்போது புளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

அருங்காட்சியகப் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் பழைய வெண்கலக் கிண்ணம் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். கெட்ட எண்ணமில்லை, ஆர்வக்கோளாறுதான். இது முதல் தடவை என்றால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம், ஆதிச்சநல்லூரில் அகழாய்வு நடந்த இடத்திலேயே கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கும் காட்சியகம், ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம். நெல்லைச் சீமை மாணவர்களுக்கு இவ்வளவும் பேருந்து தூரத்தில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் மனத்தில் இருப்பதோ, 'பழசைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் வேலை' என்ற எண்ணம்.

பழைய உலோகத்தின் மேல் இருப்பது அழுக்கு இல்லை, களிம்பு. மண்ணுக்குள் கிடந்த செம்பு, வெண்கலத்தின் மேல் இருக்கும் பச்சை வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, பொருளின் சொந்த உலோகம் உருமாறியது. செதுக்கிய கோடு, எழுத்து, சுற்றியிருந்த துணியின் நெசவுத் தடம் எல்லாம் பல நேரம் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைக்கும். திருநீறு போட்டுத் தேய்த்தால் மிச்சமும் போய்விடும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: நம் வீட்டுப் புளி உப்புப் போட்டு அடைத்து வைத்த புளி. அந்த உப்பின் குளோரைடு உலோகத்தின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஈரமானதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். வெண்கல நோய் என்பது இதுதான். அந்தப் பொடியைக் கண்டால் துடைக்காமல், ஊதாமல், உடனே காப்பாட்சியரிடம் சொல்லுங்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே இறக்குவதை அவர் பார்த்துக்கொள்வார். வீட்டுக் குத்துவிளக்கைத் தாராளமாகத் தேயுங்கள், அது புழக்கத்தில் உள்ள பொருள்.

சரி, என்னதான் கற்றுக்கொள்வது? பதிவு. 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னைக்குப் போயின, 1915-ல் பட்டியலாக அச்சிலும் வந்தன. இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுவது அந்தப் பட்டியலைத்தான். ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் எழுதும் பதிவு அட்டைக்கும் அதே கதிதான்: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில், எடை கிராமில், பொருள் எதனால் ஆனது, எங்கே விரிசல், எங்கே சில்லு, எந்த அலமாரி, எந்தத் தட்டு. 'நல்ல நிலை' என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்று. 'விளிம்பில் 2 செ.மீ. விரிசல்' என்று எழுதினால்தான் அடுத்த ஆண்டு அது 3 ஆனது தெரியும். பென்சில் மட்டும் போதும், பேனா சேமிப்பறைக்குள்ளேயே வேண்டாம்.

பொருளின் பதிவு எண்ணை மார்க்கரால் அதன்மேல் நேரடியாக எழுதிவிடாதீர்கள், மை பானை ஓட்டுக்குள் ஊறிவிடும். கண்ணில் படாத இடத்தில் பாராலாய்ட் பி-72 என்ற நிறமற்ற பிசின் கரைசல் ஒரு பூச்சு, காய்ந்தபின் மையால் எண், மேலே இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோனால் எடுத்துவிடலாம். ஓலைச்சுவடியில் இதுவும் கூடாது. பருத்தி நூலில் சீட்டுக் கட்டுங்கள், அது போதும்.

கையாள்வதில் சில. மோதிரம், வளையல், கழுத்தில் ஆடும் அடையாள அட்டை எல்லாம் கழற்றிவிடுங்கள். துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள். பானையை வாயைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். உலோகத்துக்கு நைட்ரைல் கையுறை. மண்பாண்டத்துக்குப் பருத்திக் கையுறை போட்டால் வழுக்கும், கழுவித் துடைத்த வெறுங்கை நல்லது. கரி, கஞ்சி, தானியம் ஒட்டிய பானைத் துண்டைக் கழுவவே கூடாது, ஆய்வகத்துக்கு வேண்டியது அந்த ஒட்டல்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. எதையும், ஒரு நிமிடத்துக்குக்கூட, தரையில் வைக்காதீர்கள். சேமிப்பறையில் ரீல்ஸ் எடுப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, வெளியே போகலாம்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாற்பது பேரை ஒரே வாரத்தில் அனுப்பாதீர்கள். சேமிப்பறையில் ஒரே நேரத்தில் நாலு பேருக்குத்தான் சொல்லித்தர முடியும், மற்றவர்கள் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நாலு நாலு பேராக, ஒரு மாதம் அனுப்புங்கள். கோரிக்கைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் நீட்டாதீர்கள். சான்றிதழிலும் 'பயிற்சி பெற்றார்' என்ற ஒற்றை வரி வேண்டாம், எத்தனை பொருளுக்கு அட்டை எழுதினார் என்று கேட்டு வாங்குங்கள்.