தேக்க ஓம்புயிர்: சொல்லும் பொருளும்

தொற்றுநோய் பற்றிய ஆங்கில நூல்களில் 'ரிசர்வாயர் ஹோஸ்ட்' என்று வரும் சொல்லை நம் நாளிதழ்கள் பெரும்பாலும் 'நோய் பரப்பி' என்று பெயர்த்துவிடுகின்றன. அது பிழை. பரப்புதல் வேறு, தேக்கி வைத்திருத்தல் வேறு. ஒரு வைரசு எந்த விலங்கினத்தில் அவ்விலங்கைப் பெரிதும் வருத்தாமல், தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறதோ, அந்த இனத்தையே இச்சொல் குறிக்கிறது.

இதில் 'ரிசர்வாயர்' பிரெஞ்சிலிருந்து வந்தது. பின்னர் எடுப்பதற்கென்று ஒதுக்கிக் காத்தல் என்னும் இலத்தீன் வினை அதன் வேர். நாம் நீர்த்தேக்கம் என்பதும் அதைத்தான். 'ஹோஸ்ட்' என்பதன் மூலமான 'ஓஸ்பெஸ்' என்னும் இலத்தீன் சொல் விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் ஒருங்கே குறித்தது. பள்ளிப் பாடநூல்களின் 'விருந்தோம்பி' இதன் நேர்ப் பெயர்ப்பு, அழகான சொல்தான். ஆனால் தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். தொல்காப்பியம் புதிதாகப் புனையும் யாப்பைக்கூட விருந்து என்றே வழங்குகிறது. முன்பின் அறியாமல் வாசலில் வந்து நிற்கும் புதியவரே விருந்தினர். தன் தேக்க விலங்கில் வாழும் வைரசோ புதியது அன்று, நெடுநாள் குடியிருப்பது.

இந்த வேறுபாட்டை, நிபா என்னும் வைரசைப் பற்றி மலேசியாவில் நடந்த ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. 1998-ஆம் ஆண்டின் இறுதியில் ஈப்போ அருகே பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டபோது, அது கொசு பரப்பும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தும் தடுப்பூசி போட்டும் நோய் நிற்கவில்லை. குழந்தைகளை அதிகம் தாக்க வேண்டிய நோய், பன்றிகளோடு புழங்கிய வளர்ந்த ஆண்களையே தேடிப் பிடித்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரசு ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த வினா. ஐயம் பழந்தின்னி வௌவால்கள் மீது விழுந்தது. ஆனால் அவற்றைப் பிடித்துக் குருதி எடுப்பது எளிதன்று; கிடைப்பதும் பெரும்பாலும் எதிர்ப்புப் பொருள்களே அன்றி வைரசு அன்று. ஆகவே சுவாவின் குழுவினர் தியோமன் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, மேலிருந்து விழுந்த சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தனர்; வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களையும் விடவில்லை. இரண்டிலும் நிபா கிடைத்தது. பண்ணைகளை ஒட்டி நின்ற பழ மரங்களிலிருந்து விழுந்த எச்சில் பழமே பன்றிக்குப் போன வழியாக இருக்கக்கூடும் என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது.

எனவே, உண்மையில் விருந்தோம்பியது பன்றிதான். அதன் உடலில் பெருகியே வைரசு மனிதருக்கு வந்ததால், அதைப் 'பெருக்க ஓம்புயிர்' எனலாம். வௌவால் 'தேக்க ஓம்புயிர்'. சப்பானிய மூளைக்காய்ச்சலின் கொசு 'நோய்க்கடத்தி'. ஈழத்து வழக்கில் 'நோய்க்காவி'. 'விருந்து' நீங்கிய 'ஓம்புயிர்' பழமைக்கும் புதுமைக்கும் பொதுவாக நிற்பதால் நான் அதையே தேர்கிறேன். ஓம்புதல் என்றால் பேணுதல் மட்டுமன்று, தவிர்த்தலும் ஆகும். தீயது செய்தலை 'ஓம்புமின்' என்று புறநானூறு சொல்வது இப்பொருளில்தான்.

'வௌவால்' என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதும் போதாது. 2018 மே மாதத்தில் கேரளத்தின் பேராம்பிராவில் நோய் வந்தபோது, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கிணற்றில் கண்ட வௌவால்கள் பூச்சியுண்ணிகள். அவற்றில் நிபா இல்லை. பின்னர் பழந்தின்னிகளிடம் எடுத்த மாதிரிகளில்தான் அது கண்டறியப்பட்டது.