பழைய சாலிக்குப் புது எஞ்சின்: இரண்டு போல்ட்டுக்குப் பிறகுதான் வேலை

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு பழைய ஹொண்டா சாலி மோட்டார் சைக்கிளை மினுக்கி வீதியில் இறக்கினால், நிறுத்தும் இடத்திலெல்லாம் முதலில் வரும் கேள்வி "எஞ்சின் ஒரிஜினலா, மாத்தினதா?" என்பதுதான். 1972 இல் ஜப்பானில் வெளிவந்த வண்டி அது. பத்து அங்குலச் சில்லு, தகட்டை அமுக்கிச் செய்த சட்டகம், 49 சீசீ எஞ்சின். இத்தனை வருடம் ஓடிய பிறகு எஞ்சின் மாற்றியிருந்தால் ஆச்சரியமில்லை. கேட்பதற்குப் பெரிய வேலை போல இருந்தாலும், எஞ்சினைப் பூட்டுவதுதான் இதில் லேசானது. மற்றதையெல்லாம் அதற்கு இணங்க வைப்பதில்தான் நாள் போகும்.

எஞ்சினுக்கு முன் சட்டகத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி என்று இருக்கும் எங்கள் ஊர்களில் இரும்பு தப்புவது கஷ்டம். காற்றில் வரும் உப்புத் தூள் தகட்டில் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழையே இல்லாவிட்டாலும் இரும்பின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும், துருவும் நிற்காமல் பிடிக்கும். சாலியின் சட்டகம் உள்ளே வெறுமையானது என்பதால் அது உள்ளிருந்தே அரிக்கும். சீற்றுக்குக் கீழும், எஞ்சின் தொங்கும் இடத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். மொத்தையாகச் சத்தம் வந்தால் பெயின்ற் கடைக்கு முன் வெல்டிங் கடைக்குத்தான் போகவேண்டும்.

சரி, பழைய எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா? பிளக்கைக் கழற்றி, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) அளக்கும் மீற்றரை வைத்து கிக்கரை உதையுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்போது அழுத்தம் கூடினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்லது போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர். ரிங்கின் இடைவெளியை ஒயில் தற்காலிகமாக அடைப்பதால்தான் அந்த வித்தியாசம். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக மூடவில்லை. இந்த இரண்டும் திருத்தக்கூடிய வருத்தங்கள், திருத்துவதுதான் நல்லது என்பது என் கட்சி. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஆட்டம் கண்டாலோ, எஞ்சின் பெட்டியில் வெடிப்பு விழுந்திருந்தாலோ மாற்று எஞ்சினை யோசிக்கலாம்.

சாலியின் எஞ்சின் 1958 இல் தொடங்கிய ஹொண்டா சுப்பர் கப் வரிசையின் வழிவந்தது. சிலிண்டர் ஏறக்குறையப் படுத்திருக்கும். எஞ்சினைச் சட்டகத்தில் பிடிப்பவை பின்பக்கத்தில் உள்ள இரண்டே போல்ட். சீனாவில் செய்யப்படும் பல எஞ்சின்களும் அதே அமைப்பையும் அதே துளைகளையும் வைத்திருப்பதால் நேரடியாக ஏறிவிடும். பழையதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 39 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 41.4. கணக்குப் போட்டால் 49 சீசீ சொச்சம். '110' என்று விற்கப்படும் சீன எஞ்சின்களில் பரவலானதன் போர் 52.4, ஓட்டம் 49.5. அது 107 சீசீ அளவில் வரும். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் காற்றும் பெற்றோலும் எரிகின்றன. அங்கேதான் மற்றப் பிரச்சினைகளும் ஆரம்பிக்கின்றன.

கிளச்சில் பெரிய தலையிடி இல்லை. சாலியின் ஹாண்டிலில் கிளச் பிடி கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற, உள்ளே இருக்கும் பாரங்கள், மாமாங்கத் திருவிழா ராட்டினத்தில் கதிரைகள் வெளியே விரிவதுபோல விரிந்து கிளச்சை இறுக்கும். வேகம் குறைந்தால் தளர்ந்துவிடும். இதே வகைப் புது எஞ்சினை வாங்கினால் வேலை மிச்சம். கிளச் பிடியுள்ளதை வாங்கினால் பிடிக்கும் கேபிளுக்கும் இடம் தேடவேண்டும்.

பற்சக்கரத்தில்தான் கொஞ்சம் கணக்குத் தேவை. 3.50-10 ரயரின் விட்டம் ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சுற்றுக்கு 1.35 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர். சில்லு அதற்கு 740 தடவை சுற்றவேண்டும். எஞ்சின் அப்போது 6000 சுற்றில் ஓடினால், சில்லின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் எட்டுச் சுற்றுச் சுற்றுகிறது. 50 சீசீக்குப் போட்ட பற்சக்கரங்களையே விட்டுவைத்தால் புது எஞ்சின் சும்மா கத்திக்கொண்டிருக்கும், வேகம் வராது. முன் பற்சக்கரத்தை 13 பல்லிலிருந்து 15 ஆக்கினால், அதே சுற்றுக்கு வேகம் 15 சதவீதம் கூடும், இழுவை 13 சதவீதம் குறையும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் காப்பெட் வீதியில் தனியே ஓடுபவருக்கு 15 பல் சரி. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் பாதையில் பின்னால் ஒரு நெல்மூட்டையும் ஏற்றுபவர் 13 ஐத் தொடாமல் விடட்டும். எப்படியோ, முன் பின் பற்சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான கம்பியை வைத்துப் பாருங்கள். சில மில்லிமீற்றர் விலகினாலே செயின் பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் தின்னும்.

அடுத்தது கரண்ட். பழைய சாலி 6 வோல்ற், புது எஞ்சின் பெரும்பாலும் 12. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் அதே பல்புக்குப் போகும் மின்வலு ஏறக்குறைய நான்கு மடங்காகும். 6 வோல்ற் பல்பு அந்தக் கணத்திலேயே போய்விடும். அதனால் பல்பு, ஹோர்ன், பற்றரி எல்லாமே மாறவேண்டும், ரெகுலேற்றரும் சேரவேண்டும். பழையதில் பொயின்ட் (தொட்டு விலகும் சின்ன மின் ஆளி) திறக்கும்போது தீப்பொறி பிறக்கும். பொயின்ட் தேய்ந்தால் நேரம் தவறும். புதியதில் சிடிஐ என்ற மின்னணுப் பொறி முறை. சுழலும் காந்தம் ஒரு கொள்ளளவியில் சில நூறு வோல்ற் மின்னைச் சேர்க்கும். உரிய நேரத்தில் அது ஒரேயடியாகக் கொயிலுக்குள் பாய்ந்து பல ஆயிரம் வோல்ற்றாகிப் பிளக்கில் பாயும். தொட்டுத் தேயும் பாகமே இல்லை. எல்லாம் சரியாக இணைத்தும் பொறி வராமல் கராஜ் பாஸ்மார் மண்டையைச் சொறிவதற்குப் பல தடவை காரணம் அழகான புதுப் பெயின்ற்தான். பெயின்ற் மின்னைக் கடத்தாது. எஞ்சின் போல்ட் உட்காரும் இடத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டினால்தான் எர்த் கிடைக்கும்.

பிரேக்கைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை, எனக்கு இதில்தான் கோபம். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 45 இல் ஓடிய வண்டி 70 இல் ஓடினால், நிறுத்தும்போது சின்னப் பிரேக் டிரம் ஏறத்தாழ 2.4 மடங்கு ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். மார்கழி மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள்ளும் தண்ணீர் போகும், பிரேக் கட்டை வழுக்கும். ஏறியவுடன் மெதுவாக ஓடியபடி பிரேக்கை லேசாக அழுத்தினால் சூட்டில் காய்ந்துவிடும். எஞ்சின் வாங்கும் காசிலேயே புதுப் பிரேக் கட்டைக்கும் கேபிளுக்கும் ரயருக்கும் ஒதுக்காதவர் 110 ஐப் பூட்டவே கூடாது.

அப்புறம் புத்தக வேலை. வண்டிப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருக்கும். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். வாங்கும்போதே எஞ்சினுக்கு உரிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பழைய எஞ்சினை இரும்புக்காரருக்குப் போடவேண்டாம். சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிக்கரை மெல்லச் சுற்றி, பிளக்கைப் பூட்டி, மற்றத் துளைகளைத் துணியால் அடைத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரிஜினல் சாலி தேடி வருபவர் முதலில் பார்ப்பது அதில் அடித்திருக்கும் இலக்கத்தைத்தான்.